ப்ரா சரியாகப் பொருந்தவில்லையா? வீட்டிலேயே பிடித்துத் தைக்க முழு வழிகாட்டி

ரவிக்கை லூசாக இருந்தால் யோசிக்காமல் தையல்காரரிடம் கொடுக்கிறோம். பஞ்சாபி சூட்டுக்கு சைடு பிடிக்கச் சொல்கிறோம், பாஜு கூரோங்கின் கை நீளத்தைக் குறைக்கச் சொல்கிறோம். ப்ராவை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ ஓர் ஆண் தையல்காரர் முன்னால் அதைப் பையிலிருந்து எடுத்து வைக்க நம்மில் பலருக்குக் கூச்சம். கூச்சத்தை விட்டுக் கொடுத்தாலும், தீபாவளி நெருங்கும் நேரத்தில் இந்தச் சின்ன வேலையை யார் தொடப்போகிறார்கள்? கடைசியில் பொருந்தாத ப்ரா அலமாரியின் அடியில் போய்ச் சேர்கிறது, இல்லையென்றால் சேஃப்டி பின் குத்தி ஒப்பேற்றுகிறோம்.

ரவிக்கைக்குக் கை வெட்டி இணைப்பதோடு பார்த்தால் இது சுலபமான வேலை. கையால் ஊசி பிடிக்கத் தெரிந்தால் பாதி திருத்தங்களைச் செய்துவிடலாம். ஆனால் எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது முதுகுப் பட்டையை. ஸ்ட்ராப் நழுவுகிறது, தோள் வலிக்கிறது, பின்னால் மேலே ஏறிக்கொள்கிறது, கைதூக்கினால் கப் கூடவே வருகிறது என்று நாம் சொல்லும் புகார்களில் பெரும்பாலானவை பட்டை தளர்ந்துபோனதால் வருபவை. மார்பின் எடையைத் தாங்க வேண்டியது பட்டை. அது தாங்காதபோது அந்த வேலை தோளுக்குப் போகிறது. நாம் ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குகிறோம், அது பட்டையைப் பின்னால் இன்னும் மேலே தூக்குகிறது, தோளில் பள்ளம் விழுகிறது.

அளவை ஒரு தடவை ஒழுங்காக எடுங்கள்

இஞ்சி டேப்பை மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல் சுற்றி, மூச்சை விட்டபின் சற்று இறுக்கமாகப் பிடித்து அளவெடுங்கள். டேப் முதுகில் சரியாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து மார்பின் பெருத்த பகுதியில் இறுக்காமல் ஓர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் ஏ கப், இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி, ஐந்து டிடி. கீழே 34, மேலே 37 என்றால் 34சி. லேபிளில் 75, 80, 85 என்று செ.மீ. கணக்கில் போட்டிருந்தால் அவை முறையே 34, 36, 38.

கீழ் அளவோடு நான்கு அங்குலம் கூட்டும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. எலாஸ்டிக் துணிகள் இவ்வளவு நன்றாக இழுபடாத காலத்துக் கணக்கு அது. கீழே 32, மேலே 37 உள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்கு 36ஏ என்று சொல்லும். நேராகக் கணக்கிட்டால் வருவது 32டிடி. பட்டை தொளதொளவென்றும் கப் சின்னதாகவும் இருக்கும் ப்ராவோடு பல வருடம் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இந்தக் கணக்கில் மாட்டியவர்கள்தான்.

இப்போது ப்ராவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையையும் கப்புக்குள் அள்ளிவிட்டுப் பிறகு நிமிருங்கள். முதுகில் பட்டையைப் பிடித்து இழுத்தால் இரண்டு விரல் நுழையும் அளவு வந்தால் சரி; உள்ளங்கை நுழைந்தால் லூஸ். பக்கவாட்டில் பார்த்தால் பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கம்பி வைத்த ப்ரா என்றால் நடுப்பகுதி நெஞ்செலும்பில் ஒட்டியிருக்க வேண்டும், கம்பியின் முனை அக்குள் பக்கம் சதையின் மேல் ஏறாமல் அதன் வெளியே உட்கார வேண்டும்.

திருத்தினால் சரியாகுமா?

பட்டையைப் பிடித்தால் கப்பின் கொள்ளளவு மாறாது. 36பியின் கப்பும் 34சியின் கப்பும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு, 32டியும் அப்படியே. ஆக, உங்களுக்குத் தேவை 34சி, கையில் இருப்பது 36பி என்றால் இதைவிடத் தோதான ப்ரா கிடைக்காது: பட்டையை மட்டும் பிடித்தால் வேலை முடிந்தது. மேலே சொன்ன 36ஏ பெண்மணியின் கதை வேறு. அந்தப் பட்டையை எவ்வளவு பிடித்தாலும் 32சி ஆகுமே தவிர 32டிடி ஆகாது. கப் சின்னதாக இருந்து சதை மேலே பிதுங்கினால் அதை வீட்டில் பெரிதாக்கும் வழி இல்லை. புதிதுதான் வாங்க வேண்டும்.

ஒரு சைஸுக்கு மேல், அதாவது மொத்தம் 5 செ.மீ.க்கு மேல் பட்டையைக் குறைக்காதீர்கள். அதற்கு மேல் போனால் பட்டை கப்பைப் பக்கவாட்டில் இழுத்துத் தட்டையாக்கும், கம்பி விரிந்துகொள்ளும். எலாஸ்டிக் செத்துப்போன ப்ராவில் உழைப்பைக் கொட்டுவதும் வீண். பட்டையை இழுத்துவிட்டுப் பாருங்கள். உடனே சுருங்காமல் அலையலையாக நின்றால் அதன் காலம் முடிந்தது.

என்னென்ன வேண்டும்

பாலியெஸ்டர் நூல், கூர்மையான சின்னக் கத்தரி, தையல் பிரிப்பான், குண்டூசிகள், துணி சாக், இஞ்சி டேப். பருத்தி நூல் வேண்டாம். இழுபடும் துணியில் சீக்கிரம் அறுந்துவிடும். மெஷினில் தைப்பதென்றால் 75/11 ஸ்ட்ரெட்ச் ஊசி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாதா ஊசி முதுகுப் பட்டையின் இழுபடும் வலைத்துணியில் தையலை விட்டுவிட்டுப் போகும், நாம் மெஷினைத் திட்டிக்கொண்டிருப்போம்.

புது ஹூக் பட்டி, ஸ்ட்ராப் எலாஸ்டிக், வளையம், கம்பி நுழைக்கும் குழாய் நாடா எல்லாம் தனித்தனியாகவே கிடைக்கின்றன. கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டியில் இறங்கினால் ஜாலான் மஸ்ஜித் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் துணிக்கடைகளும் தையல் சாமான் கடைகளும் நடக்கும் தூரத்தில். எலாஸ்டிக்கைக் கெத்தா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். போகும்போது பழைய ப்ராவின் ஹூக் பட்டியை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் கடைக்குக் கடை மாறும், கண்ணளவில் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் அரை செ.மீ. இடிக்கும். ஊர்சுற்ற நேரமில்லாதவர்களுக்கு ஷாப்பியில் எல்லாம் உண்டு.

முதுகுப் பட்டையைக் குறைப்பது

முதலில் ப்ராவைத் துவைத்துக் காயவையுங்கள். அணிந்து கழற்றிய ப்ரா சற்று இழுபட்டே இருக்கும். அதை அளந்தால் கணக்கு தப்பும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு ஹூக்கே அளவுகோல். புது ப்ரா வெளி வரிசை ஹூக்கில், அதாவது மிகவும் தளர்வான வரிசையில் சரியாக இருக்க வேண்டும். நாளாக ஆகத் தளரும்போது உள் வரிசைகளுக்குப் போகத்தான் மூன்று வரிசை வைத்திருக்கிறார்கள். இப்போது உங்களுக்குக் கடைசி உள் வரிசையில் போட்டால்தான் சரியாக இருக்கிறது என்றால், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். குறைக்க வேண்டிய மொத்த அளவு அதுதான். கடைசி வரிசையிலும் லூஸ் என்றால், ப்ராவைப் போட்டபடியே யாரையாவது முதுகில் கூடுதலாக ஒரு மடிப்பு பிடித்துப் பின் குத்தச் சொல்லுங்கள். அந்த மடிப்பின் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தை இரண்டாகப் பிரித்து இடது வலது இரண்டிலும் சமமாக எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஹூக் முதுகுத்தண்டை விட்டு விலகி ஒரு ஸ்ட்ராப் கோணலாக நிற்கும்.

எங்கே பிடிப்பது என்பதற்கு இரண்டு இடங்கள். ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவுகிறது என்றால் ஹூக் முனையில் வெட்டுங்கள், ஸ்ட்ராப்களும் முதுகுத்தண்டுப் பக்கம் நெருங்கி வரும், ஒரே வேலையில் இரண்டு குறை தீரும். ஸ்ட்ராப் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கிறது, அல்லது ஒவ்வொரு பக்கமும் 1.5 செ.மீ.க்கு மேல் எடுக்க வேண்டும் என்றால் பக்கவாட்டில் மடித்துப் பிடிப்பது நல்லது. பட்டை முன்னே போகப் போக உயரம் கூடும் என்பதால், நிறைய வெட்டினால் வெட்டிய இடத்தின் உயரம் ஹூக் பட்டியைவிட அதிகமாகிவிடும்.

ஹூக் முனையில் வெட்டுவது இப்படி:

1. பிரிக்குமுன் இரண்டு முனைகளையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் ஹூக், எந்தப் பக்கம் வளையம், ஹூக்கின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதெல்லாம் பிரித்தபின் குழப்பும்.

2. ஹூக் பட்டியைப் பட்டையோடு பிடித்திருக்கும் நெருக்கமான ஜிக்ஜாக் தையலை உள்பக்கத்திலிருந்து பிரியுங்கள். அவசரம் வேண்டாம். பிரிப்பானின் கூர் முனையைத் தையலுக்கு அடியில் மட்டும் விட்டு நாலைந்து கண்ணுக்கு ஒன்று அறுத்து, மேல் நூலை இழுத்தால் கழன்று வரும். துணியைக் குத்திவிட்டால் வலையில் ஓட்டை விழும். பட்டை முனை ஹூக் பட்டியின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே எவ்வளவு உள்ளே போயிருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அரை செ.மீ. அளவு இருக்கும்.

3. இரண்டு பட்டை முனைகளிலிருந்தும், குறைக்க வேண்டிய மொத்த அளவில் பாதியைச் சாக்கால் குறியுங்கள். இன்னும் வெட்ட வேண்டாம். குறித்த கோடு ஹூக் பட்டிக்குள் பழைய அளவே நுழையும்படி, மிச்சத்தை மடித்துவிட்டு, கையால் பெரிய ஓட்டுத்தையல் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. போட்டுப் பாருங்கள். நின்று பார்த்தால் போதாது. உட்காருங்கள், கீழே கிடக்கும் ஒன்றைக் குனிந்து எடுங்கள், ஆழமாக மூச்சிழுங்கள். சாப்பிட்டபின் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது. உட்கார்ந்தால் விலா வலிக்கிறது என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

5. சரியாக இருந்தால் தற்காலிகத் தையலைப் பிரித்து, குறித்த கோட்டில் இரண்டு பக்கமும் வெட்டுங்கள். வலைத்துணி பொதுவாகப் பிசிறு விடாது. வெட்டிய இடம் ஹூக் பட்டியைவிடச் சில மி.மீ. உயரமாக இருந்தால் மேலும் கீழும் இருக்கும் எலாஸ்டிக்கைத் தொடாமல், நடுவில் துணியை லேசாகச் சுருக்கி உள்ளே திணியுங்கள்.

6. முனையை ஹூக் பட்டியின் மடிப்புக்குள் முன்பிருந்த அளவே நுழைத்து, பின் குத்தி, மேலிருந்து கீழ் நெருக்கமான ஜிக்ஜாக் போடுங்கள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள், இழுவை முழுக்க அந்த இரண்டு மூலைகளில்தான் விழும். ஊசி ஹூக்கின் இரும்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பாட்டி காலத்துக் கறுப்பு சிங்கர் மெஷின்தான் இருக்கிறது, ஜிக்ஜாக் வராது என்றால் கவலை வேண்டாம். பட்டை இழுபடுவது பக்கவாட்டில், இந்தத் தையல் போவது மேலிருந்து கீழாக. அதனால் நேர்த்தையலே இரண்டு வரிசை நெருக்கமாகப் போட்டால் தாங்கும். கையால் என்றால் நூலை இரட்டையாகக் கோத்துக் கெட்டித்தையல் இரண்டு வரிசை. பட்டையின் நீளவாக்கில், எலாஸ்டிக் ஓரத்தில் தைக்கும்போது மட்டும் நேர்த்தையல் ஆகாது. போட்டு இழுத்த முதல் தடவையே அறுந்துவிடும்.

பக்கவாட்டில் பிடிப்பது இன்னும் எளிது, ஹூக்கைத் தொடவே வேண்டாம். கப் முடிந்து ஸ்ட்ராப் தொடங்கும் வரை உள்ள பகுதியில், அக்குளுக்கு நேராக இல்லாமல் சற்றுப் பின்னால் தள்ளி, மேலிருந்து கீழ் ஒரு மடிப்பு பிடியுங்கள். 1 செ.மீ. ஆழ மடிப்பு 2 செ.மீ. துணியை எடுக்கும் என்பது நினைவிருக்கட்டும். உள்பக்கம் தைத்து, அந்த மடிப்பை முதுகுப் பக்கம் படுக்கவைத்து அதன் ஓரத்தில் இன்னொரு தையல் போட்டால் தோலில் உரசாது. துணி தடிமனாக இருந்தால் மடிப்பை அரை செ.மீ. விட்டு வெட்டிவிட்டுப் படுக்க வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு உரசும் ஒரு சின்ன முடிச்சுகூட இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். தைப்பூசத்தன்று பால்குடத்தோடு பத்துமலையில் 272 படி ஏறும் எண்ணம் இருந்தால், அன்றைக்குப் புதிதாகத் தைத்ததைப் போடாமல் முன்பே சில நாள் போட்டுப் பழக்கிய ப்ராவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டை இறுக்கமாக இருந்தால்? தையலே வேண்டாம். கூடுதல் வளைய வரிசைகள் உள்ள நீட்டுத் துண்டு தனியாகக் கிடைக்கிறது. ஹூக் உயரமும் எண்ணிக்கையும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் அதையே தைத்துவிடலாம். கர்ப்ப காலத்தில் விலா விரிந்து பிறகு ஓரளவு பழைய நிலைக்கு வரும் என்பதால் அப்போது கழற்றிவிடக்கூடிய துண்டே நல்லது.

ஸ்ட்ராப்

பட்டையைச் சரிசெய்த பிறகே ஸ்ட்ராப்பைப் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கே வேலையே இருக்காது. இன்னும் நழுவினால் பின்பக்கம் ஸ்ட்ராப் பட்டையோடு சேரும் தையலைப் பிரித்து முதுகுத்தண்டுப் பக்கம் 2 செ.மீ. நகர்த்தி, நெருக்கமாகப் பல முறை தைத்துவிடுங்கள். சரிவான தோள் உள்ளவர்களுக்கு இந்த ஒரு திருத்தம் பெரிய நிம்மதி. அளவு மாற்றும் கொக்கியைக் கடைசிவரை இழுத்தும் நீளமாக இருந்தால், பின்பக்கமே பிரித்து நீளத்தை வெட்டித் தைக்கலாம். ஸ்ட்ராப் தேய்ந்து தொங்கினால் புது எலாஸ்டிக் வாங்கி மாற்றுங்கள். மார்பு கனமானவர்களுக்கு 15 முதல் 20 மி.மீ. அகலம் தோளை அறுக்காது.

கப் மேலே இடைவெளி விட்டால்

இங்கேதான் கையை அடக்க வேண்டும். பலருக்கு இடைவெளிக்குக் காரணம் ஸ்ட்ராப் தளர்ந்திருப்பது, அல்லது சதையைக் கப்புக்குள் சரியாக அள்ளிவிடாதது. இரண்டும் இல்லையென்றால் மட்டும் ஊசியை எடுங்கள்.

துணிக் கப் என்றால், ஸ்ட்ராப் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மேல் ஓரத்திலிருந்து சின்ன டாட் பிடிக்கலாம். ரவிக்கைக்குப் பிடிப்பதுபோலவேதான், முனை கூர்மையாக முடிய வேண்டும். இல்லையென்றால் 6 மி.மீ. எலாஸ்டிக்கை மேல் ஓரத்தைவிட 2 செ.மீ. குறைவாக வெட்டி, உள்பக்கம் வைத்து இழுத்தபடி ஜிக்ஜாக் போடுங்கள். லேஸ் கப்புக்கு இது அழகாக வரும்.

வார்த்த ஸ்பாஞ்ச் கப்பில் டாட் பிடிக்காதீர்கள். மடிப்பு தடித்து, சேலைக்கு மேலேயும் தெரியும். அதற்குப் பதில் கப்பின் அடியில் ஒரு பேட் வைத்தால் மார்பு மேலே எழும்பி இடைவெளி நிரம்பும். இரண்டு மார்பும் ஒரே அளவாக இல்லாதது மிகச் சாதாரணம். அப்படியிருந்தால் பெரியதற்கு அளவெடுத்து ப்ரா வாங்கி, சின்னதன் பக்கம் மட்டும் பேட் வையுங்கள். பழைய ப்ராவின் பேட்டையே எடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் பை போலத் தைத்துக் கப்பின் உள்ளே அடியிலும் பக்கத்திலும் பிடித்து, ஒரு பக்கம் திறந்து விட்டால் துவைக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். மார்பு அறுவை சிகிச்சைக்குப் பின் செயற்கை மார்பு வைத்துக்கொள்பவர்களுக்கும் இதே முறைதான், பையைக் கப் முழுக்க வரும்படி பெரிதாக, மிருதுவான பருத்தியில் தைக்க வேண்டும். தழும்பின் மேல் தையல் ஓரம் படக்கூடாது.

கம்பி வெளியே குத்தினால்

கம்பியை மெதுவாகக் குழாய்க்குள் முழுக்கத் திரும்பத் தள்ளுங்கள். ஓட்டை விழுந்த இடத்தில் பழைய ஜீன்ஸின் மெல்லிய துண்டையோ இரண்டாக மடித்த சாட்டின் ரிப்பனையோ வைத்து, கையால் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தையுங்கள். நூலை மட்டும் வைத்து அடைத்தால் கம்பி மறுபடி துளைத்துக்கொண்டு வரும். மெஷினில் தைக்கும்போது ஊசி கம்பியில் பட்டால் உடைந்து கண்ணுக்குப் பாயலாம், அதனால் இந்த வேலைக்குக் கைதான்.

கம்பி நீளமாக இருந்து அக்குளில் குத்துகிறது என்றால், குழாயைத் திறந்து கம்பியை எடுத்து, கட்டிங் பிளையரால் 1 செ.மீ. வெட்டி, முனையை ஃபைலால் தேய்த்து உருட்டுங்கள். அதன் மேல் வயர் கடையில் கிடைக்கும் சூட்டில் சுருங்கும் ரப்பர் குழாயை மாட்டிச் சூடு காட்டினால் மழமழவென்று மூடிக்கொள்ளும். கம்பி நடுவில் உடைந்திருந்தால் ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பக்கக் கம்பியையும் உருவிவிட்டு வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்மார்களுக்குக் கம்பி அழுத்திப் பால் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு, அந்தக் காலத்துக்குக் கம்பியில்லாததே சரி. எந்தத் திருத்தம் செய்தும் ஒரே இடத்தில் வலி நீடித்தாலோ கட்டிபோல ஏதாவது தட்டுப்பட்டாலோ கிளினிக் கெசிஹாத்தானில் போய்க் காட்டுங்கள்.

ரவிக்கைக்கு ஒரு சின்ன வேலை

அகலக் கழுத்து ரவிக்கையில் ஸ்ட்ராப் எட்டிப் பார்க்கிறதா? 5 செ.மீ. நீள ரிப்பன் இரண்டு எடுத்து, ஒரு முனையை ரவிக்கையின் தோள்பட்டைத் தையலில் கழுத்துப் பக்கமாகத் தையுங்கள், மறுமுனைக்குப் பிரஸ் பட்டன். ஸ்ட்ராப்பை அதற்குள் விட்டு அழுத்திவிட்டால் கல்யாண வீட்டில் நாள் முழுக்கத் தோளைச் சரிசெய்துகொண்டிருக்க வேண்டாம்.

திருத்தியது நிலைக்க

டோபி கடையின் சூடான டிரையரில் ப்ராவைப் போடாதீர்கள். ஸ்பான்டெக்ஸ் நூலுக்குச் சூடு ஆகாது, நீங்கள் 3 செ.மீ. பிடித்துத் தைத்ததை டிரையர் சில வாரங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். வாஷிங் மெஷின் என்றால் ஹூக்கை மாட்டி வலைப்பைக்குள் போடுங்கள். ஈரத்தோடு ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் எலாஸ்டிக் நீளும். இரண்டு கப்புக்கும் நடுவே உள்ள பகுதியைக் கொடியில் போட்டு நிழலில் காயவையுங்கள். ஒன்றையே தினமும் போடாமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக் மறுபடி சுருங்க நேரம் கிடைக்கும்.

தூக்கிப்போடும் நிலைக்கு வந்த ப்ராவிலிருந்து ஹூக் பட்டி, வளையங்கள், கொக்கிகள், வளையாத கம்பிகள், பேட் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். அடுத்த திருத்தத்துக்கு வேண்டிய சாமான் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.